கல்லில் எழுதிய நாற்பது

பொள்ளாச்சி

உடுமலைப்பேட்டை தாண்டியதும் பேருந்துக்குள் வந்த காற்று மாறிவிட்டது. எங்கள் ஊர்க் காற்று கரிசல் காட்டின் மேல் ஓடி வருவது. கண்ணில் மண்ணைப் போட்டுவிட்டுப் போகும். இது பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து தென்னந்தோப்புகளுக்குள் புகுந்து வந்த ஆடிக்காற்று. முகத்தை ஈரத்துணியால் ஒற்றியது போல இருந்தது. பொள்ளாச்சியில் இறங்கி இளநீர் குடித்தேன். வெட்டிக் கொடுத்த பெண் "வழுக்கையா வேணுங்களா, தண்ணியா வேணுங்களா?" என்று கேட்டார். அந்த ‘ங்’ காதில் விழுந்த பிறகுதான் கொங்கு நாட்டுக்குள் வந்துவிட்டேன் என்று மனதுக்குப் பட்டது. எங்கள் பக்கத்தில் கேள்வி வெடுக்கென்று வந்து விழும். இங்கே கேள்வியோடு மரியாதையும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

என் பையில் ஒரு பிஸ்கட் தகர டப்பா. அதற்குள் ஐந்து லேபிள்கள், ஐந்தும் உள்ளங்கை அகலம். ஒன்றில் தாமரை மேல் நிற்கும் பசு. ஒன்றில் தராசு. ஒன்றில் ஜோடிக் கிளி. ஒன்றில் கைராட்டை. ஐந்தாவதில் படமே கிடையாது. சிவப்பு வட்டத்துக்குள் மஞ்சளில் 40 என்ற எண் மட்டும். எல்லாமே நூல் மில்களுக்காக என் அப்பா சிவகாசியில் கல்லில் வரைந்தவை.

அப்பா லித்தோ ஆர்ட்டிஸ்ட். கல் அச்சு என்று ஊரில் சொல்வார்கள். சுண்ணாம்புக் கல்லின் வழவழப்பான முகத்தில் கொழுப்பு கலந்த மையால் வரைய வேண்டும். பிறகு கருவேலம் பிசினும் சில சொட்டு அமிலமும் பூசி, கல்லை நீரால் நனைக்க வேண்டும். நனைந்த இடம் மையைத் தள்ளும், வரைந்த இடம் மையை வாங்கும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை வைத்து ஜெர்மனியின் பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் 1790களின் கடைசியில் ஒரு தொழிலையே உண்டாக்கிவிட்டார். கல்லில் நேராக வரைகிறவர் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றி எழுத வேண்டும். முப்பது வருடம் அப்படி எழுதிய பழக்கத்தில், மளிகைக் கணக்கு நோட்டில்கூட அப்பா அவசரத்தில் சில எழுத்துகளைத் திருப்பிப் போட்டுவிடுவார். அம்மா அதை எந்தச் சிரமமும் இல்லாமல் வாசிப்பாள்.

லேபிள் கட்டுகள் ரயிலேறிக் கோயம்புத்தூருக்குப் போகும் என்பது அப்பாவுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. யார் பிரித்தார்கள், யார் பார்த்தார்கள், எங்கே ஒட்டினார்கள் என்று அவரிடம் ஒருவரும் வந்து சொன்னதில்லை. அவர் கடைசி வரை நொய்யல் ஆற்றைப் பார்க்கவில்லை. அவர் போய்ப் பதினோரு வருடம் கழித்து, லேபிள்கள் போன வழியில் நான் கிளம்பினேன்.

கோயம்புத்தூர்

இந்த ஊரில் டீக்கடை என்று தேடினால் பேக்கரிதான் கிடைக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன், வெளியே பெஞ்சு, டம்ளரில் நுரை. சிங்காநல்லூர் பக்கம் அப்படியொரு பெஞ்சில்தான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். 34 வருடம் மில்லில் இருந்தவர், கடைசிப் பதினைந்து வருடம் பண்டல் போடும் இடத்தில். நான் பழக்கத்தில் "அண்ணாச்சி" என்றேன். "அண்ணாச்சின்னா எங்களுக்கு மளிகைக் கடைங்க" என்று சிரித்துவிட்டு, நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.

டப்பாவைத் திறந்து காட்டினேன். லேபிளை அவர் வாங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஓரத்தை மட்டும் பிடித்து வாங்கினார். எங்கள் அச்சகத்தில் மை உலராத தாளை அப்படித்தான் பிடிப்பார்கள்.

"ரீலிங்கில் பொம்பளைங்க சிட்டம் சுத்துவாங்க. சிட்டத்தையெல்லாம் முறுக்கி அடுக்கி, பிரஸ்ஸுல வெச்சு அமுக்கிக் கட்டுவோமுங்க. பத்துப் பவுண்டு ஒரு கட்டு. மேல இந்த லேபிளு. லேபிளு கோணலா ஒட்டுனா மேஸ்திரி கட்டையே பிரிக்கச் சொல்லிருவாருங்க."

40 என்பது என்ன என்று எனக்குத் தெரியாமலே இத்தனை வருடம் வைத்திருந்தேன். அவர் விளக்கினார். ஒரு சிட்டம் நூலின் நீளம் 840 கெஜம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நம்பர். இருபதாம் நம்பர் தடித்த நூல். நாற்பது நடுத்தரம், வேட்டிக்கும் சேலைக்கும் ஆகும். எண் ஏற ஏற நூல் மெலியும். அப்பா எத்தனை ஆயிரம் நாற்பதுகளை அச்சுக்கு அனுப்பியிருப்பார்! அந்த எண்ணுக்குள் 840 கெஜம் நூல் நாற்பது முறை நீண்டு கிடப்பதை யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம். சந்தோஷப்பட்டிருப்பார்.

"தறிக்காரங்கள்ல முக்காவாசிப் பேருக்கு அன்னைக்கு எழுத்துத் தெரியாதுங்க. மில்லு பேரை யாரும் படிக்க மாட்டாங்க. பசு மார்க் குடுங்க, கிளி மார்க் குடுங்கன்னுதான் கேப்பாங்க. படத்துல கிளியோட மூக்குச் சிவப்பு கொஞ்சம் மாறுனாக்கூட, நூல்ல கலப்படம்னு சந்தேகப்படுவாங்க."

1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய மில்தான் இந்த ஊரின் முதல் நூற்பாலை. 1930களில் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்ததும் மில்கள் வரிசையாக எழும்பின. சங்குச் சத்தம் கேட்டு ஊரே அடுப்பு மூட்டிய காலம் அது என்றார் பெரியவர். இப்போது பல மில்கள் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள். ஒரு சில வாசல்களில் பழைய மில்லின் வளைவு மட்டும் நிற்கிறது, உள்ளே கார் நிறுத்தம்.

மதியம் அவர் வீட்டில் சாப்பிட்டேன். மறுத்துப் பார்த்தேன், நடக்கவில்லை. அரிசிம்பருப்பு. அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் ஒன்றாகக் குழைந்து, மேலே நெய் விட்டு, பக்கத்தில் தயிர். எங்கள் வீட்டில் குழம்பு காரத்தில் கண்ணீர் வர வேண்டும். இங்கே சாப்பாடு மெத்தென்று இறங்குகிறது. குடித்த தண்ணீர் சிறுவாணி. தண்ணீருக்கு ருசி உண்டு என்பதை லாரித் தண்ணீரில் வளர்ந்த நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சாயங்காலம் அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்துக்குப் போனேன். தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவின் முதல் இயக்குநராக இருந்தவர் கஸ்தூரி சீனிவாசன். அவர் பெயரில் ஓவியக் கூடமும் நெசவு அருங்காட்சியகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நூலையும் படத்தையும் பிரிக்க வேண்டாம் என்று நினைத்த ஒருவர் இந்த ஊரில் இருந்திருக்கிறார் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தபோது நியூயார்க் நினைவு வந்தது.

மூன்று வருடத்துக்கு முன் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன். அவள் என்னை ஒரு கலை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். ஒரு சுவர் முழுக்க எண்கள். 0 முதல் 9 வரை, பத்துத் தாள்கள். அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் 1960இல் தொடங்கி 1963இல் முடித்த கல் அச்சுத் தொகுப்பு. கிட்டே போய்ப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. 1க்குப் பின்னால் 0 மங்கலாகத் தெரிந்தது. 2க்குள் 1 கிடந்தது. பத்து எண்களையும் ஒரே கல்லில் போட்டிருக்கிறார். ஓர் எண்ணை அச்சடித்துவிட்டு, அதே கல்லில் கொஞ்சம் சுரண்டி, கொஞ்சம் வரைந்து அடுத்த எண். கல் பழையதை முழுவதும் மறக்கவில்லை. கறுப்பில் 10 தொகுப்பு, சாம்பலில் 10, வெள்ளையில் 10. அவ்வளவுதான் அடித்தார்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலில் கையெழுத்து.

கல் மறக்காது என்பது எங்கள் வீட்டில் திட்டு வார்த்தை. பள்ளி விடுமுறையில் நான் கல் தேய்க்கப் போவேன். மணலும் தண்ணீரும் போட்டு ஒரு கல்லின் முகத்தில் இன்னொரு கல்லைக் கவிழ்த்து, எட்டுப் போடுவது போல மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். சரியாகத் தேய்க்காவிட்டால் புதுப் பசுவின் வயிற்றில் பழைய கிளியின் வால் எழும்பி வரும். அப்பா காதைத் திருகுவார். அதே எழும்பலை ஒரு மனிதர் வேண்டுமென்றே விட்டிருந்தார், உலகம் வந்து பார்க்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை. அப்பாவுக்குக் காட்ட முடியவில்லையே என்றுதான் இருந்தது.

மதுக்கரை

இங்கே இறங்கியது கல்லுக்காக மட்டும். பாலக்காட்டுச் சாலையில், மலையடிவாரத்தில், 1930களிலிருந்து சிமென்ட் ஆலை ஓடும் ஊர். காரணம் சுண்ணாம்புக் கல். எங்கள் லித்தோ கற்களும் சுண்ணாம்புக் கற்களே. ஆனால் அவை பவேரியாவின் சோல்ன்ஹோஃபென் என்ற இடத்திலிருந்து கப்பலேறி வந்தவை. இத்தனை அருகில் இவ்வளவு சுண்ணாம்பு இருக்க எதற்கு ஜெர்மனி என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். சாலையோரத்தில் கிடந்த ஒரு துண்டை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தேன். சர்க்கரைக் கட்டி போல மினுமினுத்தது. பூமியின் சூட்டில் வெந்து மணிமணியாகப் படிகமான கல். சோல்ன்ஹோஃபென் கல் கடலடிச் சேறு அசையாமல் படிந்து உறைந்தது. விரலால் தடவினால் மணியே தெரியாது, பட்டாணி மாவு போல இருக்கும். பேனா முள் மதுக்கரைக் கல்லில் தடுக்கும், சோல்ன்ஹோஃபென் கல்லில் வழுக்கும். கேள்விக்குப் பதில் கிடைக்க ஐம்பது வருடம் ஆனது.

திருப்பூர்

ரயிலடியிலிருந்து வெளியே வந்தால் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் மூட்டை மூட்டையாக வெட்டுத் துணி போகிறது. இந்த ஊரில் யாரும் சும்மா நிற்பதைப் பார்க்க முடியவில்லை. ஒடியாவும் இந்தியும் கொங்குத் தமிழும் ஒரே டீக்கடையில் கேட்டன.

தெரிந்தவர் மூலம் ஒரு பிரிண்டிங் யூனிட்டுக்குள் போனேன். ஐம்பதடிக்குக் குறையாத மேசை. அதன் மேல் டி-சர்ட்டின் முன்பக்கத் துண்டுகளை வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு பையன்கள் சட்டமிட்ட திரையை மேசையின் இருபுறமும் பிடித்துக்கொண்டு, ஒரு துண்டில் வைத்து, ரப்பர் கட்டையால் சாயத்தை இழுத்து, தூக்கி, அடுத்ததற்கு நகர்கிறார்கள். கை இழுக்கும் சத்தம், கால் நகரும் சத்தம். பேச்சில்லை. ஒரு நிறத்துக்கு ஒரு திரை. எங்களுக்கு ஒரு நிறத்துக்கு ஒரு கல். முதல் நிறத்தின் மேல் இரண்டாவது நிறம் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும் என்கிற பதற்றம் இரண்டிடத்திலும் ஒன்று. அதைச் சிவகாசியிலும் ‘ரிஜிஸ்டர்’ என்பார்கள், இங்கேயும் ‘ரிஜிஸ்டர்’ என்றே சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையில் நான் உறவுக்காரனாகிவிட்டேன். மேற்பார்வையாளர் எனக்கு நாற்காலி போட்டார்.

அன்று மேசையில் ஓடிக்கொண்டிருந்தது அமெரிக்கக் கொடி. சிவப்புக் கோடு காய்ந்து, நீலக் கட்டம் ஏறிக்கொண்டிருந்தது. நட்சத்திரங்களை எண்ணினேன், 50. ஜாஸ்பர் ஜான்ஸ் 1954, 55இல் மெழுகுச் சாயத்தில் தீட்டிய புகழ்பெற்ற கொடி ஓவியத்தில் 48தான் இருக்கும். அலாஸ்காவும் ஹவாயும் மாநிலங்களாகச் சேர்ந்தது 1959இல். 1960இல் அவர் கொடியைக் கல் அச்சிலும் போட்டார். எல்லாரும் பார்த்துப் பார்த்து, பார்ப்பதையே விட்டுவிட்ட ஒன்றை எடுத்து, மறுபடியும் பார்க்க வைப்பது அவர் வேலையாக இருந்தது. கொடி, குறிவட்டம், எண், துணி மாட்டும் கம்பிக் கொக்கி. இன்னொரு அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1968இல் சூப் டப்பாக்களைத் தொகுப்பாக அச்சிட்டது இந்த மேசையில் ஓடும் இதே ஸ்கிரீன் முறையில்தான்.

திரை பிடித்த பையன்களில் ஒருவனிடம் இது எந்த நாட்டுக் கொடி தெரியுமா என்றேன். "தெரியும் சார். ஆனா எங்களுக்கு இது மூணு கலர் டிசைன்" என்றான். வெள்ளைக்குத் துணியே போதும் என்பதால் இரண்டே திரை, மூன்று நிறம். அவன் சொன்னது ஓர் அச்சுக்காரன் சொல்ல வேண்டிய பதில்.

வெளியே வந்து நொய்யல் பாலத்தில் நின்றேன். சாயக்கழிவு இந்த ஆற்றை என்ன செய்தது என்பது தமிழ்நாட்டுக்கே தெரியும். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, வயலுக்கு அது வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவை ஒரு சொட்டும் வெளியேற்றாத முறைக்கு மாற வேண்டியதாயிற்று. நிறத்தை வைத்துப் பிழைத்த குடும்பத்திலிருந்து வந்தவன் நான். அப்பாவின் அச்சகத்துப் பின்வாசல் சாக்கடை தினம் ஒரு நிறத்தில் ஓடியதும் நாங்கள் அதில் காகிதக் கப்பல் விட்டதும் நினைவிருக்கிறது. பாலத்தில் நெடுநேரம் நிற்க முடியவில்லை.

ஊத்துக்குளி

வெண்ணெய்க்குப் பெயர் போன ஊர். நெய் மணக்கும் ஒரு கடையில் தோசை தின்றுவிட்டு, கல் கொத்தும் இடம் எங்கே என்று கேட்டேன். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு 2005–06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கான கல் இந்த வட்டாரத்துக் கருங்கல். 1955இல் பி. சபாபதி கோவையில் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டியதில் தொடங்கிய தொழில்.

கீற்றுக் கொட்டகைக்குள் நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து உளியால் கொத்திக்கொண்டிருந்தார்கள். கல்லின் முகத்தில் அம்மைத் தழும்பு போலப் புள்ளி புள்ளியாகப் பொள்ள வேண்டும், அப்போதுதான் அரிசி அரையும். ரொம்ப ஆழம் போனால் மாவு தங்கும், மேலாகப் போனால் வழுக்கும். அப்பாவும் புள்ளி வைப்பவர்தான். கிளியின் கழுத்துப் பச்சை மெல்ல மஞ்சளாக மாற வேண்டுமென்றால், பேனா முள்ளால் ஆயிரக்கணக்கான புள்ளிகள், நெருக்கமாகத் தொடங்கி விலகி விலகி.

உளிகளும் சுத்தியல்களும் ஒரு சாக்கின் மேல் அளவு வாரியாகக் கிடந்தன. ஜிம் டைன் என்ற அமெரிக்க ஓவியர் ஆயுள் முழுக்கச் சுத்தியலும் திருப்புளியும் பல் துலக்கும் பிரஷும் வரைந்தவர். சின்சினாட்டியில் அவர் தாத்தா இரும்புக்கடை வைத்திருந்தார். சின்ன வயதில் தொட்டுப் பார்த்த பொருள்கள் கடைசி வரை அவரை விடவில்லை. சாக்கில் கிடந்த உளிகளை அவரிடம் காட்ட ஆசையாக இருந்தது.

ஒரு கல் பிளந்தது. கொத்திக்கொண்டிருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. உளியைக் கீழே வைத்து, முகத்தைத் துடைத்து, கல்லை ஓரமாக உருட்டிவிட்டு வேறொன்றை இழுத்தார். மற்ற மூவரும் கொஞ்சநேரம் நிறுத்தி, பிறகு தொடர்ந்தார்கள்.

அப்பா வேலை பார்த்த ஓர் அச்சகத்தில் பெரிய கல் ஒன்று அச்சு இயந்திரத்தில் அழுத்தத்தில் உடைந்தது. எட்டு நிற லேபிள், ஆறாவது நிறம் ஓடும்போது. அப்பாவின் சம்பளத்தில் மூன்று மாதம் பிடித்தார்கள். அந்த மூன்று மாதம் வீட்டில் எண்ணெய் தாளிப்பு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அதே காலத்தை ஒட்டி, 1963இல், நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் ஐலண்டில், டாட்யானா கிராஸ்மன் என்ற அம்மாள் நடத்திய கல் அச்சுப் பட்டறையில் ராபர்ட் ரவுஷன்பெர்க் என்ற ஓவியர் வரைந்த கல்லும் உடைந்தது. அவர் உடைந்த கல்லையே அச்சடிக்கச் சொன்னார். படத்தின் குறுக்கே விரிசல் வெள்ளையாக ஓடியது, உடைந்த சில்லுகளின் அச்சையும் கீழே சேர்த்தார். ‘விபத்து’ என்று பெயர் வைத்தார். அந்த ஆண்டு லியுப்லியானா அச்சுக்கலைக் கண்காட்சியில் அதற்கே பெரிய பரிசு.

இந்தக் கிராஸ்மன் அம்மாளைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர மனமில்லை. ரஷ்யாவில் பிறந்து, போரில் ஓடி, அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். கணவருக்கு மாரடைப்பு வந்த பிறகு பிழைக்க வழி தேடியபோது, தங்கள் சின்ன வீட்டின் முன் நடைபாதையில் பதித்திருந்த கற்களில் இரண்டு லித்தோ கற்களாக இருக்கக் கண்டாராம். 1957இல் பட்டறை தொடங்கியது. ஜான்ஸ் வீட்டுக்கு அந்த அம்மாளே கற்களைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் அவரைக் கல் அச்சுக்கு இழுத்தார். சிவகாசியில் துத்தநாகத் தகடும் பிறகு ஆஃப்செட்டும் வந்ததும், கற்கள் வீதிக்கு வந்தன. எங்கள் தெருவில் துணி துவைக்கும் கல் மூன்று வீட்டில் சோல்ன்ஹோஃபென் கல். எங்கள் வீட்டுப் பின்வாசல் படியும் அதுவே. மழை பெய்தால் அதில் ஒரு தேரின் சக்கரம் லேசாக எழும்பும்.

கொடுமணல்

நொய்யலின் வடகரையில் ஊர். பார்க்க ஒன்றுமில்லை என்று ஆட்டோக்காரர் இருமுறை சொன்னார். சோளக்காடு, கருவேலம், நிமிர்ந்து நிற்கும் பெருங்கற்காலக் கற்கள். 1980களிலிருந்து பலமுறை அகழ்ந்த இடம். இரும்பு உருக்கிய உலைகள், பச்சைக்கல்லும் பளிங்கும் சூதுபவளமும் அறுத்து மணி செய்த தடயங்கள், தமிழி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான ஓடுகள். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுவே என்பார்கள்.

என்னை இழுத்தது எழுத்தில்லாத ஓடுகள். அகழாய்வு நூல்களில் பக்கம் பக்கமாக அவற்றின் கோட்டோவியங்கள் உண்டு. ஏணி போல ஒன்று, மீன் போல ஒன்று, நட்சத்திரம், வில். சுட்ட பானையில் கூர்மையான எதையோ வைத்துக் கீறியவை. சில ஓடுகளில் ஆதன் போன்ற பெயரும் குறியும் பக்கத்தில் பக்கத்தில். எழுத்துத் தெரிந்தவருக்கு எழுத்து, தெரியாதவருக்குக் குறி. எந்தப் பானை யாருடையது என்று அடுப்படியில் சண்டை வராமலிருக்கப் போட்டிருக்கலாம். பசு மார்க், கிளி மார்க் கேட்டு நூல் வாங்கியவர்கள் இந்தக் கரைக்காரர்கள்தானே என்று நினைத்தபோது, சிங்காநல்லூர்ப் பெரியவரைக் கையோடு கூட்டி வந்திருக்கலாம் என்று தோன்றியது. வெயில் ஏறியது. ஒரு பையன் ஆடுகளை அந்த நெடுங்கற்களுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போனான். ஒவ்வோர் ஆட்டின் காதிலும் ஒரு வெட்டுக்குறி.

சென்னிமலை

முருகன் மலைமேல். அடிவாரத்தில் தறிச்சத்தம். கந்தசஷ்டிக் கவசம் அரங்கேறியது இங்கேதான் என்று சொல்லாதவர் ஊரில் இல்லை. போர்வைக்குப் பெயர் பெற்ற ஊர். கைத்தறி குறைந்து விசைத்தறி பெருகிய தெருக்களைத் தாண்டி, ஒரு சந்தில் குழித்தறி ஒன்று இன்னும் ஓடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

ஓட்டு வீடு. தறியில் இருந்தவர் ஐம்பது வயதுக்காரர். திண்ணையில் அவர் தாயார் தார் சுற்றிக்கொண்டிருந்தார், எண்பதைத் தாண்டியவர். "வாங்க சாமி, உக்காருங். வெயில்ல வந்திருக்கீங்" என்று முதலில் தண்ணீர், பிறகு கச்சாயம். விஷயத்தைச் சொன்னேன். லேபிள்களைத் திண்ணையில் வரிசையாக வைத்தேன்.

அந்தத் தாயார் கைராட்டையைத் தாண்டினார், பசுவைத் தாண்டினார். கிளியிடம் நின்றார். "இது வந்திருக்குதுங். எங்க மாமனார் காலத்துல." பிறகு எழுந்து உள்ளே வரச் சொன்னார். இருட்டு அறையில் ஒரு மரப்பெட்டி. மூடியைத் தூக்கினார். மூடியின் உள்புறம் முழுக்க லேபிள்கள். நாற்பதுக்கு மேல் இருக்கும். யானை, மயில், கப்பல், பிள்ளையார், கடிகாரம், கட்டை வண்டி, ஒரு வக்கீல், ஒரு விமானம். சாயம் மங்கி, ஓரம் செல்லரித்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி. நடுவில் எண்கள்: 20, 26, 40, 60.

"மாமனாரு கட்டுப் பிரிச்சா லேபிளைக் கிழிய விடமாட்டாருங். ஆவியில காட்டி உரிச்சு, இதுல ஒட்டிருவாரு. எங்களுக்கு சாமி படம் வாங்கக் காசேதுங்? அமாவாசைன்னா இந்த மூடியைத் தொறந்து வெச்சுத்தான் சூடம் காட்டுவோம். நான் நம்பர் படிச்சதே இதுலதானுங். இருவது, நாப்பது, அறுவது. அதுக்கப்புறம்தான் ஒண்ணு, ரெண்டு."

செல்போன் விளக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். புள்ளி வைத்த கையைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடலாம் என்று அப்பா சொல்வார். மயில் ஒருவர் கை. பிள்ளையாரும் கப்பலும் வேறொருவர்; அவர் நிழலைக் கோடுகளால் போட்டிருந்தார். 40 மூன்று இடத்தில் இருந்தது. மூன்றிலும் 4இன் கால் நேராக இறங்கியது. அப்பாவின் 4 கொஞ்சம் சாய்ந்து நிற்கும்.

"உங்கப்பாரு எழுதுனது இருக்குதுங்களா தம்பி?"

இல்லை என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போய்த் திண்ணையிலிருந்த லேபிள்களில் 40ஐ மட்டும் எடுத்து வந்தார். வெளிச்சத்தில் பிடித்து அந்த 4ஐ விரலால் ஒருமுறை வரைந்து பார்த்தார். "இதை இங்க ஒட்டிக்கட்டுங்களா?" என்றார்.

மருமகள் மைதாப் பசை காய்ச்சிக் கொண்டுவந்தாள். விமானத்துக்கும் 60க்கும் நடுவே ஓர் இடம் பார்த்து, பசையைத் தடவி, லேபிளை வைத்தார். நடுவில் காற்றுக் குமிழ் எழும்பியது. மகனிடம் தறி நாடாவைக் கேட்டு வாங்கினார். எத்தனையோ வருடம் பாவுக்குள் ஓடி வழவழத்த மரம். அதன் முதுகால், நடுவிலிருந்து ஓரத்துக்கு, மெல்ல அழுத்தி இழுத்தார். குமிழ் நகர்ந்து நகர்ந்து விளிம்பில் வெளியேறியது. இன்னொரு முறை இழுத்தார். பெட்டியை மூடாமல், பசை காயட்டும் என்று திறந்தே வைத்துவிட்டு, மறுபடியும் திண்ணைக்குப் போய்த் தார் சுற்ற உட்கார்ந்தார்.